எழுந்து நின்ற ரோதமுனி

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைப் பார்க்கத்தான் போக வேண்டும். நான் கந்தப்பளைக்குப் போனது ஒரு விக்கெட் கீப்பரைத் தேடி. பன்னிரண்டு வருடம் கழித்து இதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். (முதலில் ஒப்புக்கொண்டது என் சட்டைப் பை. அந்தக் கதைதான் இது.)

நான் நோர்வூட்டில் கணக்கு வாத்தியார். மேசையில் வைத்து ஆடும் பழைய விளையாட்டுகளைச் சேர்ப்பது என் கிறுக்கு. கம்பியைச் சுழற்றி ஆடும் கால்பந்து, கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் தகரக் குதிரைகள், இப்படி. தேயிலைத் தோட்டத்துப் பங்களாக்களில் ஒதுக்கிய சாமான்கள் ஹட்டனில் ஹனிபா நானாவின் கடைக்கு வரும். அங்கிருந்து என் கட்டிலுக்கு அடியில் வந்து சேரும்.

"வர்றவ இதையெல்லாம் பாத்தா வாசல்லயே திரும்பிருவாடா" என்பார் அம்மா.

அவற்றில் என் உயிர், ஒரு மேசைக் கிரிக்கெட். பச்சைக் கம்பளித் துணியில் மைதானம், விரல் நீளத்தில் ஈய ஆட்டக்காரர்கள். பதினொரு பேரில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். விக்கெட் கீப்பர் இல்லை. பெட்டி மூடியின் உள்பக்கம் கந்தப்பளைத் தோட்டமொன்றின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். அதே தோட்டத்தில் ஒரு பெண் இருக்கிறது என்று தரகர் சொன்ன அன்று, பெண் என்ன படித்திருக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை. "எப்பப் போறோம்?" என்றேன். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினார்.

கீப்பர் கிடைத்தால் அளவு பொருத்திப் பார்க்க ஒரு ஃபீல்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மாவும் தரகரும் பூ வாங்க நிற்க, நான் ஃபெக்டரிப் பக்கம் நடந்தேன். இயந்திரங்களுக்குக் காவலான ரோதமுனி அங்கே மரத்தடியில் இருக்கிறார். ஒரு சூலம், மூன்று கல். நடுக்கல்லுக்கு முன்னால், அன்று காலைதான் மஞ்சள் நீராட்டிக் குங்குமம் வைத்த, ஈரம் காயாத கோலத்தில், குந்தியபடி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டிருந்தார் என் விக்கெட் கீப்பர்.

சுற்றிலும் யாருமில்லை. என் போன்ற ஆட்களுக்கு அந்த மாதிரி நேரத்தில் ஒரு நியாயம் தோன்றும்: பொருள் தன் கூட்டத்தோடு இருக்க வேண்டும். கீப்பரைப் பையில் போட்டேன். கும்பிடுகிறவர்களுக்குக் குறை வைக்கக்கூடாதென்று ஃபீல்டருக்குக் குங்குமம் பூசி அவர் இடத்தில் நிறுத்தினேன். (அவ்வளவு பெரிய மனசு!)

அம்மாவோடும் தரகரோடும் போனால், பெண் வீட்டு வாசலில் பெண் பவானியே நின்றாள்.

"சேர் என்ன பாடம் படிச்சுக் குடுக்கிறீங்க?"

"கணக்கு."

"ஐயோ, கணக்குன்னாலே எனக்கு வயித்த வலிங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கிரிக்கெட்டே மறந்துபோயிற்று. இவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்ற பயம் அப்போதுதான் வந்தது.

அவளுடைய அப்பா ஃபெக்டரியில் கொழுந்தைச் சுருட்டும் ரோலர் மெஷினில் வேலை செய்கிறவர். "நல்ல காரியம் பேச வந்திருக்கீங்க. மொதல்ல முனிக்குச் சூடம் காட்டிட்டு வந்துருவோம். அப்புறந்தான் தேத்தண்ணி" என்றார். எல்லோரும் மரத்தடிக்குப் போனோம்.

சூடத் தட்டை ஒரு சுற்றுச் சுற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மாடி! சாமி எந்திரிச்சு நிக்குது!"

லயத்து வீடுகளிலிருந்த சனமெல்லாம் கூடிவிட்டது. "சந்தோசத்துல எந்திரிச்சிருக்கு" என்றார் ஒருவர். "எந்திரிச்சா கெளம்பப் போவுதுன்னு அர்த்தம். இந்தச் சம்பந்தம் புடிக்கலயாக்கும்" என்றார் இன்னொருவர். கூட்டம் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தது. பவானியின் அப்பா என் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சிருங்க. சாமி உத்தரவு இல்லாம நான் ஒண்ணும் செய்யமாட்டேன்."

அம்மாவின் கண் கலங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம். நானோ மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கோழை.

"சேர்" என்றாள் பவானி. "உங்க சட்டப் பையில மஞ்சத் தண்ணி ஊறுது."

வெள்ளைச் சட்டை. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். கீப்பரை எடுத்து நீட்டினேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. அவளுடைய அப்பா பொம்மையை இரண்டு கைகளாலும் வாங்கி, வலது கைத் தழும்பைக் காட்டினார்.

"இருவது வருசத்துக்கு முன்ன ரோலர்ல கை மாட்டிக்கிருச்சு தம்பி. மெஷினு தானா நின்னுச்சு. பொறவு கூட்டுறப்ப இவரு கீழ கெடந்தாரு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு. இந்தா உன் கைன்னு குடுக்கிற மாதிரி."

அது கிரிக்கெட் பொம்மை என்று விளக்க வந்த வாயை மூடிக்கொண்டேன். என் பெட்டியில் ஒருவன் குறைகிறான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவனுக்கு என் பெட்டி இல்லாதது ஒரு குறையாகவே இருந்ததில்லை. வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

"சரி, போயிட்டு வாங்க" என்றார் அவர். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது பவானி சொன்னாள்: "அப்பா, இவருக்குக் களவெடுக்கவும் தெரியல, ஒளிக்கவும் தெரியல. இந்த மாதிரி ஆளத்தான் நம்பலாம்ப்பா."

அவர் மகளை ஒரு தடவை, என் மஞ்சள் சட்டையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கீப்பரை அவர் இடத்தில் உட்காரவைத்தார். ஃபீல்டரை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். "சூடம் காட்டியாச்சு தம்பி. இனி அதத் தொடக்கூடாது. வாங்க, தேத்தண்ணி ஆறிரும்."

ஆக, பதினொன்றைத் தேடிப் போய்ப் பத்தையும் ஒன்பதாக்கிக்கொண்டு வந்த கணக்கு வாத்தியார் நான்.

இன்றும் வீட்டில் நான் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், "சாமி எந்திரிச்சு நிக்குது!" என்று மகள் கூவுவாள். உடனே பவானி வந்து என் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பாள். அது முடியும்வரை நான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.