ஆலோசகர் சொல்லாத வணக்கம்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் நலம். உன் அக்கா நலமா என்பதை உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் அவள் காதுக்குப் போய்விடும் என்பதால் கடிதம்.

எதிர்க் கட்டடத்து மாடியில் மனநல ஆலோசனை மையம் நடத்தும் அம்மாவை உனக்குத் தெரியும். முறையாக உரிமம் வாங்கியவர், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். தெருவில் என்னையும் உன் அக்காவையும் கண்டால் நின்று என் முழங்காலை விசாரிக்காமல் போகமாட்டார். ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "என்கிட்ட ஆலோசனைக்கு வர்றவங்களை வெளியில பார்த்தா நானா பேச மாட்டேன் சார். அவங்களா பேசினாத்தான். தொழில் அப்படி." அதன் பிறகு மூன்று சனிக்கிழமை, நாம் மூவரும் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, நம்மை முன்பின் பார்த்திராதவர் போல அவர் கடந்து போனார். நீ கவனித்திருக்க மாட்டாய், மூன்று முறையும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிட்டாய். (நல்ல செருப்பாக ஒன்று வாங்கப்பா.) யோசித்துப் பார்த்தேன். நான் அங்கே போகவில்லை. அப்படியென்றால் உன் அக்கா போகிறாள். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்குக் காரணம் இல்லாமல் போகாது. ஆனால் அங்கே என்ன சொல்கிறாள்? என் குறட்டையையா, டிவி ரிமோட்டையா?

பொறுக்க முடியாமல் ஒரு டஜன் ஆரஞ்சோடு மாடியேறிட்டேன். வரவேற்பு மேசைப் பெண் பழத்தைத் தொடவே இல்லை. "பரிசு வாங்கக் கூடாதுங்க." சரி, என் மனைவி இங்க வர்றாளான்னு கேட்டேன். "வர்றாங்கன்னும் சொல்ல மாட்டோம், வரலைன்னும் சொல்ல மாட்டோம்." நான் கட்டின புருஷன்மா என்றேன். "யாரா இருந்தாலும் அவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும் சார்." யாருகிட்டதான் சொல்லுவீங்க? உயிருக்கு ஆபத்துன்னா, குழந்தைக்குக் கொடுமை நடந்தா, கோர்ட்டு கேட்டா, அவ்வளவுதானாம். என் வீட்டில் ஆபத்தில் இருப்பது என் தூக்கம் மட்டும்தான். சுவரில் வருகிறவர்களின் உரிமைகள்னு ஒரு பலகை, அடியில் புகார் எழுத வேண்டிய வாரியத்தின் விலாசம். தன் மேலேயே புகார் சொல்லச் சொல்லி விலாசம் மாட்டி வைக்கிற இடத்தை நான் எங்கேயும் பார்த்ததில்ல. பக்கத்துல ஒரு பூட்டின அலமாரி. குறிப்பெல்லாம் ஏழு வருஷம் அதுக்குள்ள பத்திரமா இருக்கணுமாம். என் குறட்டைக்கு வந்த வாழ்வைப் பாரு மச்சான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி நானே துலக்கினேன். "டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா?"ன்னு பயந்துட்டா. அவ மனசுல என்ன பாரம்னு எனக்குத் தெரியணும். வேடிக்கைக்குக் கேட்கல, கவலையா இருக்கு. நீ அவ தம்பி, உன்கிட்ட மறைக்க மாட்டா. என்மேல தப்புன்னா மாத்திக்கறேன்.

உன் உடம்பையும் வேலையையும் பார்த்துக்கொள். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும்.

இப்படிக்கு,
பாத்திரம் துலக்கும் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்காவோடு தபால்தலை வாங்கப் போனேன். ஆலோசகர் அம்மா எதிரே வந்தார், நின்றார், என் முழங்காலை விசாரித்தார், உன் அக்காவோடு அரைமணி நேரம் சிரித்துப் பேசினார். இன்று நீ எங்களோடு இல்லை; அந்த மூன்று சனிக்கிழமையும் இருந்தாய்.

மேலே எழுதியதை மறந்துவிடு. நான் எதுவும் கேட்கவில்லை, நீ எதுவும் சொல்ல வேண்டாம், உன் அக்காவிடமும் மூச்சு விடமாட்டேன். சனிக்கிழமை வழக்கம்போல் வா. அந்த அம்மா எதிரே வந்தால் நீ குனியாதே. செருப்பு வாரை நான் குனிந்து சரிசெய்துகொள்கிறேன், முழங்கால் கிடக்கட்டும்.