நெத்திலிக் கணக்கு

எதையும் எண்ணாமல் என்னால் சும்மா இருக்க முடியாது. எங்கள் வீட்டு மாடிப்படி பதினேழு. என் மனைவி பெருமூச்சு விடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக இருபத்திரண்டு முறை (அதில் பத்தொன்பது என்னால்). மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக முப்பத்தொரு வருடம் ஆட்களை எண்ணியவன், ஓய்வு பெற்றதும் எண்ண ஆளில்லாமல் தவித்தேன்.

அப்போதுதான் மகள் மலர் எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் கடை போட்டாள். காலையில் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து, ஆய்ந்து, கழுவி வீடுகளுக்கு அனுப்பும் கடை. ஆய்வதற்கு அஞ்சலையோடு சேர்த்து மூன்று பெண்கள்.

"ஒருத்தர் எத்தன மீன் ஆயறாங்கன்னு யாராவது பாக்குறீங்களாம்மா?"

"நேரத்துக்கு முடிஞ்சா சரிதானப்பா."

(சரிதானப்பாவாம்!) மறுநாளே கரும்பலகை மாட்டினேன். ஆய்ந்த மீன் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். வாரத்தில் முதலாவதாக வருபவருக்கு என் செலவில் எவர்சில்வர் தூக்கு.

நாலே நாளில் எண்ணிக்கை மூன்று மடங்கு! அஞ்சலைதான் பின்தங்கினாள். பெரிய மீனெல்லாம் அறுக்கும் கைகாரி அவள். மற்றவர்கள் முந்நூறு, நானூறு என்று போக, அவள் பெயருக்கு நேரே பதினொன்று. 'கடைசி: அஞ்சலை' என்று சிவப்பு சாக்பீஸில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து முதல் ஆர்டர். பதினொரு மணிக்குப் பன்னிரண்டு கிலோ வஞ்சிரம், துண்டு போட்டு. பிடித்துவிட்டால் வாராவாரம் நாங்கள்தான். மலர் அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள். வீடுகளுக்குக் கொடுக்கக் கிளம்பும்போது, "பாத்துக்குங்கப்பா" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். பத்து இருபதுக்குப் பலகை ஆயிரத்து இருநூற்று ஆறைத் தொட்டது. உடனே மலருக்கு போன் போட்டேன்.

"வஞ்சிரம் முடிஞ்சுதாப்பா?"

ஐஸ் பெட்டியைத் திறந்தேன். நாலு வஞ்சிரம், முழுசாக, எட்டுக் கண்ணாலும் என்னைப் பார்த்தன. மூன்று பெண்களும் நெத்திலிக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். (எண்ணிக்கை ஏறட்டும் என்று இரண்டு கூடை நெத்திலி கூடுதலாக எடுக்கச் சொன்ன மேதை யார் என்று கேட்காதீர்கள்.)

"அஞ்சல, வஞ்சிரம் அறுக்கலியாம்மா?"

"இன்னாத்துக்குய்யா? அது ஒண்ணு அறுக்கிற நேரத்துல நூறு நெத்திலி ஆய்ஞ்சிருவேன். உங்க பலகையில ரெண்டும் ஒண்ணுதான? கடைசின்னு எழுதி மாட்டிட்டீங்க, தெருவே பாக்குது. என் மருமவ கூட கேட்டுட்டா."

போனில், "அப்பா? அப்பா?" என்று மலர் கத்திக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அருவாமனையில் நானே உட்கார்ந்தேன். மீன் இரண்டு முறை வழுக்கி மடியில் விழுந்தது. முதல் துண்டு ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் அப்பளம்.

அஞ்சலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுந்திருங்கய்யா, மீனு பாவம். மொதல்ல அந்தப் பலகைய அழிங்க."

தோள் துண்டாலேயே துடைத்தேன். அவள் உட்கார்ந்தாள். இருபத்தாறு நிமிடம், நாலு மீனும் முடிந்தது. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

"நாலு நிமிஷம் லேட்டு, முசியே" என்றார் விடுதிச் சமையல்காரர். (முசியே என்றால் எங்கள் ஊர் பிரெஞ்சில் ஐயா. அட, நிமிஷத்தை எண்ணுகிறாரே, நம்ம ஆள்!) பெட்டியைத் திறந்தார். நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"துண்டு எல்லாம் ஒரே அளவா இருக்கே, யாரு கை? அடுத்த ஞாயிறும் இந்தக் கைதான் அறுக்கணும்." பிறகு கனிவோடு சொன்னார்: "மீசையில செதிலு, முசியே."

பலகை இன்றும் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் எல்லோருமாக உட்கார்ந்து இரண்டே எண்கள் எழுதுகிறோம்: நேரத்துக்குப் போகாத பை எத்தனை, திரும்ப மீன் கேட்ட வீடு எத்தனை. இதைத்தான் எண்ணவேண்டும் என்று சொன்னவள் அஞ்சலை. முதலாவது இறங்கி வருகிறது, இரண்டாவது ஏறுகிறது. தூக்கும் அவளிடம்தான்.

மிஞ்சிய நெத்திலியை எங்கள் வீட்டில் ஒன்பது நாள் சாப்பிட்டோம். அன்றிலிருந்து நான் எந்த எண்ணைச் சொன்னாலும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். நேற்று கடற்கரையில் ஆறாயிரத்து இருநூறு அடி நடந்தேன் என்றேன்; மலர் கேட்டாள். இன்று இதை எழுதி முடித்து, "மூணு பக்கம்!" என்று நிமிர்ந்தேன். மனைவி தன் இருபத்து மூன்றாவது பெருமூச்சை விட்டாள்.

"நெத்திலியா, வஞ்சிரமா?"