மூன்றாம் பக்கக் கரடிச் செய்திக்குத் திருத்தம்

ஆல்டர் கிரீக்,
வட ஒன்டாரியோ,
மே 29, வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ‘ஆல்டர் கிரீக் வாரச் செய்தி’ ஆசிரியர் திருமதி வெர்னா சாரி அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகைக்கு முப்பத்தொரு வருடச் சந்தாதாரனும், சாலைத் துறையில் மண்ணைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவனுமாகிய வில்யோ கங்காஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி லெம்பியும் நலமே. தங்கள் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் இடது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். முழங்காலைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது. தேவாலயத்தில் மூன்று படி ஏற இரண்டு பேர் கைபிடிக்க வேண்டிய அந்த முழங்கால், போன ஞாயிற்றுக்கிழமை யாருடைய கையையும் பிடிக்காமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் வேட்டைப் பரணின் ஏணியில் பதினான்கு படி ஏறியிருக்கிறது. ஏறியதோடு நிற்கவில்லை. மேலே உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புதன்கிழமை இதழில் மூன்றாம் பக்கத்தில் இப்படி எழுதியும் விட்டது: “வேட்டைக்காரரின் பரணிலிருந்து பார்த்தால், குட்டி ஏறியிருந்த ஸ்ப்ரூஸ் மரம் நன்றாகவே தெரிகிறது.”

அம்மா, நீங்கள் கெட்டிக்காரர். ‘கங்காஸ் குட்டியைப் பார்த்துவிட்டுத்தான் தாயைச் சுட்டான்’ என்று எழுதியிருந்தால் நான் வக்கீலிடம் போயிருப்பேன். நீங்கள் மரம் தெரிகிறது என்று மட்டும் சொல்லி ஒரு முற்றுப்புள்ளி வைத்தீர்கள். ஊர் முழுக்க இப்போது அந்தப் புள்ளியைத்தான் படிக்கிறது. தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் என்ன, கைப்பையா சுட்டேன்? நேற்று ஊர் நீராவிக் குளியலறையில், அதுதான் நம் சவ்னாவில், நான் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்ததும், அங்கே வெந்துகொண்டிருந்த மூன்று பேர் சூடு அதிகம் என்று சொல்லிக் கீழ்ப் பலகைக்கு இறங்கினார்கள். நாற்பது வருடமாக அவர்களுக்குச் சூடு போதாமல்தான் இருந்தது. ஆகவே அந்த ஒரு வரியை வாபஸ் வாங்கி, அடுத்த இதழில், அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். வசந்த வேட்டையில் பெண் கரடியைச் சுடக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம் இல்லை. குட்டியோடு இருக்கும் பெண் கரடியைத்தான் சுடக் கூடாது. ஆனால் நாங்கள் வைக்கும் இரைக்கு வரும்போது தாய்க் கரடி குட்டியை ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாகத்தான் வரும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், கரடிக்கும் தெரியும், சட்டத்துக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் மனசாட்சி உள்ளவன் ஆண் கரடியாகப் பார்த்துச் சுடுகிறான். ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்து எப்படித் தெரியும் என்றால், டிரம்தான் எங்களுக்கு அளவுகோல். பழைய டோனட்டையும் ஓட்ஸையும் வெல்லப்பாகையும் போட்டு மரத்தோடு சங்கிலியால் கட்டி வைக்கிறோமே, அந்த எண்ணெய் டிரம்மைச் சுற்றி இரண்டு வளையம் உண்டு. பக்கத்தில் வந்து நிற்கும் கரடியின் முதுகு மேல் வளையத்தைத் தாண்டினால் அது பெரிய ஆண். தாண்டாவிட்டால் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு காப்பி குடிக்க வேண்டியது. போன வாரம் வியாழன் சாயங்காலம், நல்ல வெளிச்சத்தில், வந்த கரடியின் முதுகு மேல் வளையத்தை நான்கு விரல் தாண்டியது. பிறகுதான் தெரிந்தது, இந்த வருடம் பனி உருகி நிலம் சேறாகி, என் டிரம் ஒரு சாண் பூமிக்குள் இறங்கியிருக்கிறது. கரடி வளரவில்லை, டிரம்தான் குட்டையாகிவிட்டது. முப்பது வருடம் சாலை போட்டவன், வசந்தத்தில் நிலம் இறங்கும் என்பதை மறந்தேன். இதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அவசரப்பட்டேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. வேட்டைக் கழகத்தில் காப்பி மேசைக்கு மேலே ஒரு அறிவிப்பு தொங்குகிறதே, “சுடுவதற்கு முன் நூறு வரை எண்ணு. எண்ணும்போது கரடியைப் பார்க்காதே, மரங்களைப் பார்” என்று, அதை எழுதியவன் யார்? நான்தான். பத்தொன்பது வருடமாகத் தொங்குகிறது. அன்றும் எண்ணினேன். அதுவும் நம் பூர்வீக ஃபின்னிஷ் மொழியில் எண்ணினேன். நம் எண்கள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும், ஆங்கிலக்காரன் நூறை முடிக்கும்போது நாம் அறுபதில்தான் இருப்போம். எண்ணினேன், மரங்களைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, சுட்டேன்.

என் கூட்டாளி உர்ஹோ சத்தம் கேட்டுத் தன் பரணிலிருந்து வந்தான். இருவரும் கரடியைப் புரட்டினோம். பெண். அடிவயிற்றில் முடி தேய்ந்து, காம்பில் பால் இருந்தது. உர்ஹோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

“பால் இருக்குடா,” என்றேன்.

“இருந்துட்டுப் போகட்டும். படிவத்துல பாலைப் பத்தி ஏதாச்சும் கேள்வி இருக்கா?”

“இல்ல.”

“அப்ப எதுக்கு அதையே பாத்துட்டு நிக்கிற? குட்டி கூட இருந்துச்சா? இல்ல. லைசன்ஸ் இருக்கா? இருக்கு. கத்தியை எடு.”

அப்போதுதான் அந்த ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து சத்தம் வந்தது. நீங்கள் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். கைக்குழந்தை அழுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உர்ஹோ கத்தியை மடக்கினான். “எனக்குக் காது சரியாக் கேக்கிறதில்லன்னு டாக்டரே சொல்லியிருக்கார்,” என்று சொல்லிவிட்டுத் தன் டிரக்கைப் பார்க்கப் போய்விட்டான். நான்தான் வனவிலங்கு அதிகாரிக்குப் போன் செய்தேன். இதைத் தங்கள் செய்தியில் ஒரு வரிகூட எழுதவில்லை.

வந்தவர் அதிகாரி ஜோசெட். நல்ல பெண், என் மகன் ஆர்வோவின் வயது இருக்கும். ஜீப்பின் மூக்கில் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

“சுடுறதுக்கு முன்னாடி குட்டி எதையும் பாத்தீங்களா, மிஸ்டர் கங்காஸ்?”

“இல்லம்மா.”

“அப்ப குத்தம் எதுவும் இல்ல. இங்க ஒரு கையெழுத்து.”

“அதோ கத்துதேம்மா.”

“இப்ப கத்துது சார். நான் கேக்கறது அப்ப.”

“காம்புல பால் இருக்கு.”

“பால் குத்தமில்ல சார். மரத்துல ஒண்ணுதானே இருக்கு?”

“நான் பாத்தது அது ஒண்ணைத்தான்.”

கையெழுத்துப் போட்டேன். பார்த்த குட்டிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று அவரே எழுதிக்கொண்டார். அம்மா, எழுபத்தொரு வயதில் ஒருவன் தானாகப் போன் செய்து, வா, வந்து என்னைப் பிடி என்று நிற்கிறான். அரசாங்கம் அவனைத் தட்டிக்கொடுத்து நீ நிரபராதி என்கிறது. இதைவிட ஒரு மனிதனை எப்படி அவமானப்படுத்த முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து லெம்பியிடம் சட்டத்தை விளக்கினேன். குட்டி கூட இல்லையென்றால் சட்டப்படி அது தாய் இல்லை என்றேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

“நான் ஆர்வோவைக் கார்ல உக்கார வெச்சுட்டுக் கடைக்குள்ள போவேனே, அப்ப நான் யாரு?”

“அது வேற.”

“என்ன வேற? என்னை எவனும் சுடலை, அதான் வேற.”

அந்தக் குட்டி இரண்டு நாள் மரத்தைவிட்டு இறங்கவில்லை. நான் அடியில் உட்கார்ந்திருந்தேன். லெம்பி ஆர்வோவின் பழைய பால்புட்டியை வீட்டு மச்சில் தேடி எடுத்து டின் பாலை ஊற்றிக் கொடுத்தாள். அப்போதுதான் தாங்கள் அனுப்பிய ஆள் வந்து, ஒரு கையில் புட்டியும் மறு கையில் தொப்பியுமாக நான் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் பிடித்தார். அந்தப் படத்தைக் கால் பக்கத்துக்குப் போட்டீர்கள். சனிக்கிழமை ஜோசெட் வலையோடு வந்து குட்டியை இறக்கிச் சரணாலயத்துக்குக் கொண்டுபோனார். அது போகும்போது என் கட்டைவிரலைக் கடித்தது. அதை நான் புகாராகச் சொல்லவில்லை, செய்திக்குத் தேவைப்படலாம் என்று சொல்கிறேன்.

அந்தப் படம் வந்த பிறகு என் நிலைமையைக் கேளுங்கள். விலங்குப் பிரியர்கள் என் தபால் பெட்டியில் துண்டுக் காகிதம் போடுகிறார்கள், ‘கொலைகாரன்’ என்று, கீழே பெயர் இல்லாமல். வேட்டைக் கழகமோ என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்கிறது. நேற்றைய கூட்டத்தில் உர்ஹோ எழுந்து நின்று பேசினான்.

“டேய் வில்யோ, நீ கையில பால்புட்டியோட நிக்கிற அந்தப் படத்தைக் காட்டியே வசந்த வேட்டையை மூடிருவாங்கடா. பெண் கரடியைச் சுட்டவன் நீ மட்டுமா? நாங்கல்லாம் வாயை மூடிக்கிட்டு இல்லையா?”

“அப்போ உங்களுக்கெல்லாம் தெரியுமா?” என்று கேட்டேன். எல்லோரும் நாற்காலியை மடக்கத் தொடங்கினார்கள். கூட்டம் முடிந்ததும் யாரோ என் அறிவிப்பைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டியிருந்தார்கள். நான் அதை மறுபடி நேராக்கவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. டிரம்மைத் தோண்டிக் கொண்டுவர நான் தினமும் காலையில் பரணுக்குப் போய் வருகிறேன். ஒரு சாண் சேற்றில் இறங்கிய டிரம் சும்மா வருமா? இது லெம்பிக்குப் புரியவில்லை.

“சனிக்கிழமையிலேருந்து ஆறு நாளாச்சு. ஒரு டிரம்மைக் கொண்டுவர முடியலையா உன்னால?”

“சேறு.”

“மண்வெட்டி இங்கதான சாத்தியிருக்கு. பால் டின்னுதான் தினம் ஒண்ணு குறையுது.”

“காப்பிக்கு.”

“நீ கறுங்காப்பி குடிக்கிற ஆளுய்யா.”

இப்படி ஒரு வீடு, இப்படி ஒரு ஊர், இப்படி ஒரு சட்டம். எல்லாவற்றுக்கும் நடுவில் தங்கள் ஒரு வரி. பரணிலிருந்து மரம் தெரியலாம். ஆனால் மரம் தெரிவதும் மரத்தில் இருப்பது தெரிவதும் ஒன்றல்ல. சட்டம் என்னை விட்டுவிட்டது, தாங்களும் விட்டுவிட வேண்டும். “வேட்டைக்காரர் நூறு வரை எண்ணி மரங்களைக் கவனித்த பிறகே சுட்டார், குட்டி எதுவும் அவர் கண்ணில் படவில்லை” என்று வரும் புதன்கிழமை இதழில் திருத்தம் வெளியிடுமாறு பணிவோடும் கண்டிப்போடும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும், தங்கள் பத்திரிகையில் விளம்பரம் பெருகட்டும், ஆண்டவர் தங்களுக்கும் தங்கள் அச்சு இயந்திரத்துக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். லெம்பி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
குற்றம் ஏதும் இல்லை என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்த,
வில்யோ கங்காஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்திருக்கிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். திருத்தம் போட வேண்டாம். ஃபின்னிஷில் எண்ணினேன் என்பது உண்மை, நூறு வரை எண்ணினேன் என்பது பொய். நாற்பதில் ஸ்ப்ரூஸின் கிளை அசைந்தது. காற்று இல்லை. மரமேறும் முள்ளம்பன்றி என்று சொல்லிக்கொண்டேன். அறுபதில் அந்த முள்ளம்பன்றிக்கு இரண்டு தலை இருந்தது. அறுபத்து மூன்றில் சுட்டேன். நூறு வரை போயிருந்தால் அது முள்ளம்பன்றி இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்திருக்கும். சுட்ட சத்தத்தில் ஒன்று மரத்திலேயே ஒட்டிக்கொண்டது, மற்றது குதித்துப் புதருக்குள் ஓடிவிட்டது. அது கத்தவும் இல்லை, அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவும் இல்லை. ஜோசெட்டிடம் இரண்டு என்று சொன்னால் இரண்டாவதை எப்போது பார்த்தாய் என்று கேட்பார். உண்மையான பதில் ஒன்றுதான், சுடுவதற்கு முன். அதனால் டிரம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தினமும் புதருக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் பால் வைத்துவிட்டு வந்தேன். செவ்வாய் வரை கிண்ணம் காலியாக இருந்தது. புதனும் வியாழனும் வைத்தது வைத்தபடி. இன்று பாலில் ஈ மிதந்தது. இந்தக் கடிதத்தை லெம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள், தபாலில் போடாமல் நேரே தங்கள் கையில் கொடுக்க வருகிறாள். படித்ததும் ஜோசெட்டுக்குப் போன் செய்து வலையோடு வரச் சொல்லுங்கள், நான் பரணடியில் இருப்பேன். தங்கள் செய்தியில் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்றுதான். குட்டி ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள். அது இரண்டு.