சரியாப்போயிரும் மாட்டிய ஏசி

திருப்பூரில் ஏசி மாட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு வேலையைக்கூட ஒழுங்காக முடிக்காமல், ஊர் முழுக்க நல்ல பேரோடு வாழ்ந்தவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. தண்ணீர் ஒழுகுகிறது, குளிர் வரவில்லை, புகை வருகிறது என்று எதைச் சொன்னாலும், "ஓட ஓடச் சரியாப் போயிருமுங்க" என்பார். அதனால் அருள்புரம் தொடங்கிப் பல்லடம் வரைக்கும் அவருக்குச் 'சரியாப்போயிரும்' என்றே பேர்.

ஒரு பனியன் கம்பெனியில் முதலாளி ரூமுக்கு ஏசி மாட்டச் சுவரை இடித்தார். மாட்டி, சுவிட்சும் போட்டாகிவிட்டது. முதலாளிக்கு ஜில்லென்று காற்று. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மேனேஜருக்கு முதுகில் அனல். மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தால், நம்மவர் அசரவில்லை.

"ஷிப்மென்ட் நேரத்துல மேனேஜரு சூடாவே இருக்கோணுமுங்க" என்றாராம். முதலாளிக்கு அந்த யோசனை பிடித்துப்போய், சீசன் முடியும் வரை ஏசியை மாற்றவே இல்லையாம்.

இதெல்லாம் தெரிந்தேதான் அவரை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அப்பா இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். நல்லாத் தூங்கினால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவோ ஆயுசெல்லாம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷினில் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். பகலில்தான் அவருக்குக் கண் அசரும். எங்கள் மாடி அறையில் சித்திரை வெயிலுக்கு அப்பளமே பொரிக்கலாம். பெரிய கான்ட்ராக்டர்கள் எல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் பிஸி. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு ஏசியா என்று சிரித்தார்கள். கூப்பிட்ட கையோடு மொபெட்டில் வந்து நின்றவர் சரியாப்போயிரும் மட்டும்தான்.

பக்கத்து நிட்டிங் யூனிட்டைப் பார்த்திருந்த, அப்பா அறையின் ஒரே ஜன்னலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஏசியை வைத்தார். ஏசிக்கும் சுவருக்கும் நடுவே பூனை நுழையும் அளவுக்குச் சந்து. ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்து திணித்து அதை அடைத்தார். ஏசியைச் சாய்த்து மாட்டிய லட்சணத்தில், வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே வந்து அப்பாவின் கால்மாட்டில் சொட்டியது.

"ஏனுங்க, தண்ணி உள்ள வருதே?"

"குளுருதானுங்க தம்பி, கரைஞ்சு வருது. ஓட ஓடச் சரியாப் போயிருமுங்க."

அம்மா ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏசியின் முன்மூடி சரியாக உட்காராமல் பகலெல்லாம் கடகட கடகட என்று ஒரே சத்தம். அப்பாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "மாடில நிட்டிங் போட்டிருக்கீங்களாட்ட இருக்குதே, எத்தன மிஷினுங்க?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

நான் போன் செய்வேன். சரியாப்போயிரும் உடனே வருவார். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி மூன்றை மாட்டுவார். மிச்சமான ஒன்று அவர் சட்டைப் பைக்குள் போகும். பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். சத்தம் அப்படியே இருக்கும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு சத்தத்த நிறுத்துங்க, இல்லீன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க!"

மனுஷர் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் காலையிலேயே புது ஸ்க்ரூ, ரப்பர் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். டீ வேண்டாம் என்றார், நேராக வேலையில் இறங்கினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுவிட்சைப் போட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஒரு பொட்டுச் சத்தமில்லை.

"என்ர ஆயுசுல இப்படியொரு வேல செஞ்சதில்லீங்க தம்பி" என்றபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அப்பா தூங்கவில்லை.

மாத்திரையை மாற்றிப் பார்த்தோம். கட்டிலைத் திருப்பிப் போட்டோம். அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். அப்பா முகம் வாடிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் சத்தம் போட்டார். கடைசியில் அப்பாவே சொன்னார்.

"மிஷினு நின்னு போன மாதரயே இருக்குது கண்ணு. கண்ண மூடுனா, எங்கியோ நூல் அறுந்துருச்சு, எந்திரீன்னு ஒடம்பு சொல்லுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் சத்தத்துக்கு யாரும் விழிப்பதில்லை. கரண்ட் போய் மிஷின் நின்றால்தான் தெருவே எழுந்து உட்காரும். பக்கத்து நிட்டிங் யூனிட்டின் இரைச்சல் அந்த ஜன்னல் வழியாகத்தான் அப்பாவைத் தாலாட்டி வந்திருக்கிறது. ஜன்னல் போன பிறகு, அந்த வேலையைச் சரியாப்போயிரும் மாட்டிய மூடி செய்திருக்கிறது. அதை நான் சண்டை போட்டுச் சரிசெய்துவிட்டேன்.

போன் செய்தேன். "ஏனுங்க, அந்த வேலைய மறுபடியும் கெடுத்துக் குடுக்கோணுமுங்க."

வந்து நின்றவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஒரே ஒரு வேல உருப்படியாச் செஞ்சேன். அதுவும் ஆகலீங்களா தம்பி?"

விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலில் ஏறினார். ஆனால் தானாக வந்த கோளாறு, வேண்டுமென்று செய்தால் வருமா? அப்பா கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினால், "இது ஊசி ஒடஞ்ச மிஷினப்பா." இன்னொன்றைத் தளர்த்தினால், "இது ஆயில் இல்லாம ஓடுதே." சரியாப்போயிரும் வேர்த்துக் கொட்டி, அலுத்துப்போய், மூடியின் ஒரு மூலையில் கையை ஊன்றினார். கடகட கடகட.

"ஆ, இதேதான். இப்பிடி ஓடுச்சுன்னா ஒரு..."

அப்பா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. குறட்டை வந்தது.

நம்மவர் மெல்லக் கையை எடுத்தார். சத்தம் மாறியது; அப்பா புருவம் சுருங்கியது. சட்டென்று கையை மறுபடி வைத்துவிட்டார். "நான் புடிக்கறனுங்க, எறங்குங்க" என்றேன் கிசுகிசுப்பாக.

"கை மாறுனாச் சத்தம் மாறிருமுங்க தம்பி."

அம்மா நீட்டிய டீயை இடது கையால் வாங்கிக் குடித்தார். வெயில் தாழும் வரை அப்படியே நின்றார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன். அப்பா விழித்து, "ஏப்பா, இன்னுமா முடியல?" என்றார்.

"முடிஞ்சுதுங்கய்யா. சும்மா தொடச்சுட்டு இருக்கறனுங்க."

இறங்கியபோது அவரால் கையை மடக்க முடியவில்லை. மறுநாள் வந்து, கை ஊன்றிய மூலையில் ஒரு தகரத்துண்டைச் செருகி அந்தச் சத்தத்தை நிரந்தரமாக்கினார். அப்பா தூங்கினார், தேறினார்.

அவர் வேலையில் எனக்கு இன்றைக்கும் திருப்தி கிடையாது. உங்கள் வீட்டு ஏசிக்கு அவரைக் கூப்பிடலாமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம் என்பேன். எங்கள் வீட்டு ஏசியில் மட்டும் வேறு யாரையும் கை வைக்கவிட எனக்கு மனசு வருவதில்லை.