உப்பு வந்தபின் வந்த காரணம்

பொருள்களுக்கு மூன்று நிலை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்: திடம், திரவம், வாயு. வாத்தியார் சொல்லாமல் விட்ட நான்காவது நிலை ஒன்று உண்டு. அதற்கு விளக்கம் என்று பெயர். அதை அடைத்துவைக்க மூடி கிடையாது, எந்த வெயிலிலும் அது வற்றாது. யாருக்காவது ஏதாவது கெட்டது நடந்தால் போதும், அந்த இடத்தில் போய் நிரம்பிக்கொள்ளும். இதைச் சுமந்துகொண்டு திரிகிற ஆசாமிகளைத்தான் காரணம்சொல்லிகள் என்கிறோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

அவர் வாய் திறக்கிற நேரத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். பால் பொங்கும்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்பார், ஆனால் இறக்கமாட்டார். பொங்கி, வழிந்து, அடுப்பு அணைந்து, வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்ட பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலே ஆடை எப்படி மூடுகிறது, அடியில் நீராவி எப்படி முட்டுகிறது, முட்டிய ஆவி ஏன் பாலையும் தூக்கிக்கொண்டு வருகிறது என்று ஆரம்பிப்பார். சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்!

திருவொற்றியூர்க் கடலோரக் குப்பம் ஒன்றின் விளிம்பில், ஓட்டு வீட்டில் குடியிருந்த பக்தவச்சலம் இந்த இனத்தில் முதல் தரம். ஒரு தொழிற்சாலையின் பாய்லர் அறையில் அவருக்கு உத்தியோகம். அரை மணிக்கு ஒரு தரம், நீராவியின் அழுத்தத்தைக் காட்டுகிற கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் இருபது வருஷம் ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தால் மனிதனுக்கு உலகமே பாய்லராகத் தெரியாதா? மூர் மார்க்கெட்டில் அட்டை இல்லாத பௌதிகப் புத்தகம் ஒன்று வேறு அகப்பட்டுவிட்டது. குப்பத்து ஜனங்கள் அவரைக் கேஜ் சாரு என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் பெருமை.

திருமலை என்பவனின் பெட்டிக்கடையில் ஒரு நாள் கோலி சோடாப் பெட்டி காலையிலிருந்து வெயிலில் கிடந்தது. அதற்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஒரு சோடாவும் குடித்துவிட்டு, பேப்பரும் படித்துவிட்டு எழுந்து போனார் பக்தவச்சலம். மத்தியானம் பாட்டில் வெடித்துத் திருமலையின் கட்டைவிரல் கிழிந்தது. சாயங்காலம் வந்து, விரலில் துணி சுற்றியிருந்தவனிடம் அரை மணி நேரம் விளக்கினார். "உள்ள கீறது வாயு. வெயில்ல வெச்சா வாயு வீங்கப் பாக்கும். வீங்க எடமில்லே, அதனால பிரஷரு. கண்ணாடி எம்மாம் நேரம் தாங்கும்? ஆச்சரியப்படறதுக்கு ஒண்ணுமே இல்லே." திருமலை ஆச்சரியப்படவில்லை. அவனுக்கு வலித்தது.

ஜெயவேல் என்கிற மீன்பிடிக்காரனின் கட்டுமரம் அலையில் கவிழ்ந்து, அவனை இழுத்து மணலில் போட்டு வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தபோது, கட்டை ஏன் மிதக்கிறது, ஜெயவேல் ஏன் மிதக்கவில்லை என்று அடர்த்திக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜெயவேல் பிழைத்தான். பிழைத்ததோடு சாருக்குச் சீடனாகவும் ஆகிவிட்டான். தனக்கு நேர்ந்த கஷ்டத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறதென்று தெரிந்தால் நம்மவர்களுக்கு அதில் பாதி கஷ்டம் தீர்ந்துபோகிறதே, என்ன மாயமோ!

இப்போது அவர் சம்சாரம் புஷ்பவல்லியைச் சொல்ல வேண்டும். வியாசர்பாடியிலிருந்து வாழ வந்தவள். குப்பத்துக்குக் குடிநீர் என்பது கடலிலிருந்து கல்லெறி தூரத்தில், மணலில் தோண்டியிருந்த ஓர் ஊற்றுதான். இடுப்பளவு ஆழம், அதற்கு மேல் கிடையாது. அடியில் விரற்கடை விரற்கடையாகச் சுரக்கிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மேலோடு அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். வாளி கூடாது. கலக்கக் கூடாது. நான்கு பேர் அள்ளினால் கொஞ்சம் நிறுத்தி, ஊறவிட்டு, மறுபடி அள்ள வேண்டும். இந்தச் சட்டத்தையெல்லாம் காப்பாற்றியவள் மீன் விற்கிற பவுனம்மாள். அவள் மாமியாரும் அதைத்தான் செய்தாள்.

வந்த புதிதில் புஷ்பவல்லியைக் குப்பத்துப் பெண்கள் ஊற்றில் சேர்க்கவில்லை. வெளியூர்க்காரி, உத்தியோகக்காரன் பெண்டாட்டி, நமக்கே பற்றவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்குழாயில் போய் வரிசையில் நின்று சுமந்தாள். பவுனம்மாள் காய்ச்சலில் படுத்தபோது அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, அவள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கூவி விற்றுக்கொடுத்தாள். அதற்கப்புறம்தான் அவள் குடத்துக்கு வரிசையில் ஏழாவது இடம் கிடைத்தது. தினம் விடியற்காலை இரண்டு குடம் இனிப்புத் தண்ணீர். "இன்னா புஷ்பா, கண்ணு செவந்துகீது, நேத்து சண்டையா?" என்று கேட்க ஆறு பெண்கள். பிறந்த வீட்டைவிட அவளுக்கு அந்த ஏழாவது இடம் பெரிது.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கோடையில் ஊற்று இளைத்துவிட்டது. ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி ஆயிற்று. ஏழாவது குடம் வீட்டுக்கு வர எட்டு மணி ஆகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி வராததால் காரணம்சொல்லி தாமே நேரில் வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பெண்களையும் கொட்டாங்கச்சியையும் பார்த்தார். அன்றைக்கு, தம் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு காரியம் கெட்டுப்போவதற்கு முன்னால் விளக்கம் சொன்னார்.

"இடுப்பளவுல இன்னா பிரஷரு இருக்கும்? பத்தடி போங்க. ஆழம் ஜாஸ்தியானா பிரஷரு ஜாஸ்தி, பிரஷரு ஜாஸ்தியானா தண்ணி தானா மேல வரும். இத்தினி வருசமா இது யாருக்கும் தோணலியா?"

பவுனம்மாள் கொட்டாங்கச்சியை நிறுத்தினாள். "வேணாம் சாரே. இடுப்புக்குக் கீழ போனா உப்பு வந்துடும்."

"ஏன் வரும்?"

"ஏன்னு எனுக்கு இன்னா தெரியும்? வரும்."

"காரணம் சொல்லு."

"காரணமெல்லாம் தெரியாது. எங்க மாமியா சொல்லிச்சு, வரும்னு."

பக்தவச்சலம் சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்கு எதிரில் மாமியார் எடுபடுவாளா? ஆண்கள் கூடிப் பேசினார்கள். ஒரு பக்கம் காரணம், இன்னொரு பக்கம் வெறும் அனுபவம். காரணம் ஜெயித்தது. தண்ணீர் அள்ளாதவர்கள் எல்லாரும் ஒரே மனதாக இருந்தார்கள்.

அன்று ராத்திரி புஷ்பவல்லி கேட்டுப் பார்த்தாள். "இன்னாங்க, பவுனு அக்கா அவ்ளோ சொல்லுது. உட்டுடுங்களேன். என் எடம் போயிடுமோன்னு பயமா கீது."

"பயத்துக்கும் பௌதிகத்துக்கும் சம்பந்தம் இல்லே," என்றார் அவர்.

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இரண்டு பீப்பாய்களுக்கு அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, ஜெயவேலும் இன்னும் நாலு பேரும் மணலைத் தோண்டத் தோண்ட ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். ஒன்பதாவது அடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. ஐயோ, அன்றைக்கு நடந்த அமர்க்களத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கொட்டாங்கச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு வாளி கட்டி இறைத்தார்கள். குளித்தார்கள், துணி துவைத்தார்கள், ஒருவன் வலையைக்கூட அலசினான். சாருக்கு ஒரு முழு வஞ்சிரமீன் வீடு தேடி வந்தது. புஷ்பவல்லியின் குடத்தை ஏழாவது இடத்திலிருந்து எடுத்து முதல் இடத்தில் வைத்தார்கள். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பவுனம்மாள் மட்டும் ஒரு ஓரமாக நின்று, வாளி எத்தனை தடவை இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலையில் புஷ்பவல்லியின் அடுப்பில் பால் திரிந்தது. பால்காரி மேல் பழியைப் போட்டாள். மத்தியானம் பருப்பு இரண்டு மணி நேரம் கொதித்தும் கல்லாகவே இருந்தது. பருப்பு மேல் பழியைப் போட்டாள். சாயங்காலம் ஒரு வாய் தண்ணீரைக் குடித்தவள் அதை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யார் மேல் போடுவது என்று தெரிந்துவிட்டது. விழுங்கிவிட்டு நேராகப் பவுனம்மாள் குடிசைக்குப் போனாள்.

"யக்கா, தண்ணி..."

"காலீலியே தெரியும் புஷ்பா. நீ எப்ப வந்து சொல்றேன்னுதான் பாத்துகினு இருந்தேன்."

மறுநாள் அது வாயில் வைக்க முடியாத உப்பு. குப்பம் முழுக்க பீப்பாயைச் சுற்றி நின்றது. கைக்குழந்தைக்காரிகள் அழுதார்கள், கிழவர்கள் கடலை வைதார்கள், நாலைந்து பேர் சாரைத் தேடினார்கள். வந்தார்! ஓடவில்லை, ஒளியவில்லை, சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு, ஒரு கையில் கண்ணாடித் தம்ளரும் மறு கையில் துணிக்குப் போடுகிற நீலப் பொட்டலமுமாக வந்தார். இப்படி ஒரு முகக்களை அவருக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பீப்பாயிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாதித் தம்ளர் எடுத்தார். நீலத்தைக் கரைத்தார். "புஷ்பா, வூட்ல பழைய தண்ணி கொஞ்சம் வெச்சிருந்தியே, கொண்டா."

அது தோண்டுவதற்கு முன் எடுத்துவைத்த கடைசிச் சொம்பு. மீதி இருந்த நல்ல தண்ணீர் அவ்வளவுதான். ஊரே பார்க்கிறது, கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு காகிதத் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கீழே நீலம், மேலே தெளிவு. இரண்டும் சேராமல் தனித்தனியாக நின்றன. கூட்டம் வாயைப் பிளந்தது.

"பாத்தீங்களா? கடல் தண்ணிக்கு உப்பால அடர்த்தி ஜாஸ்தி, கனம். மழைத் தண்ணி லேசு. மண்ணுக்கு அடியில அது மேல இது மிதந்துகினு கீது. மேலோட அள்ளினா இனிப்பு. ஆழமா ஓட்டை போட்டு, வாளியால எறைச்சு மேல கீற நல்ல தண்ணிய எடுத்துட்டா, அடியில கீறது ஏறிடும்." ஒரு குச்சியை விட்டுக் கலக்கினார். தம்ளர் முழுக்க நீலமாயிற்று. "இத்தத்தான் நீங்க பண்ணீங்க. ஆச்சரியப்படறதுக்கு ஒண்ணுமே இல்லே."

நீங்க! கவனித்தீர்களா அந்த வார்த்தையை?

"சாரு மண்டை மண்டைதான்!" என்றான் ஜெயவேல். வைய வந்தவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

பவுனம்மாள் முன்னால் வந்தாள். "அது சரி சாரே. இத்தத் தோண்டறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா இன்னா?"

பக்தவச்சலம் அவளை நிஜமான பரிதாபத்தோடு பார்த்தார். "முன்னாடி எப்படிமா சொல்றது? அப்ப உப்பே வரலியே!"

பெண்களே பீப்பாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பள்ளத்தை மணலால் மூடினார்கள். ஐப்பசி மழை இரண்டு தடவை நன்றாகப் பெய்தால் தண்ணீர் தெளியலாம் என்றாள் பவுனம்மாள். அதுவரைக்கும் ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஐந்தாறு மாதம். விடியற்காலையில் ஆறு பெண்கள் சேர்ந்து போனார்கள். புஷ்பவல்லி பத்தடி பின்னால் தனியாகப் போனாள். ஒருத்தியும் அவளை வையவில்லை. ஒருத்தியும் அவளைப் பார்த்து, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்கவுமில்லை.

எட்டாம் நாள் அவள் திரும்பி வந்தபோது, குடத்தை இடுப்பில் வைத்தால் உடம்பு ஏன் ஒரு பக்கம் சாய்கிறது என்று அவர் ஆரம்பித்தார். அவள் குடத்தை இறக்கிவைத்தாள்.

"எல்லாத்துக்கும் காரணம் தெரிஞ்ச மனுசன் நீங்க. நாளைக்கு நீங்க போங்க. இனிமே நான் போமாட்டேன். போனா ஒரேடியா எங்கம்மா வூட்டுக்குத்தான் போவேன்."

போனார், பாவம். ஐந்தரைக்குக் கிளம்பியவர் ஒன்பது மணிக்குத் திரும்பினார். தலை நிமிர்ந்திருந்தது. குடம் காலி. "தண்ணித் தொட்டி ஒசரமா கீது, ஆனா தொட்டிக்குள்ள மட்டம் எறங்கிடுச்சு. மட்டம் எறங்கினா பிரஷரு எறங்கும். முன்னாடி நின்ன அஞ்சு பேருக்கும் இத்தத்தான் சொல்லிகினு இருந்தேன். என் மொற வரச்சே நின்னுபோச்சு."

ஏமாளி ஆசாமி என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயம் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். தோண்டினால் உப்பு வரும் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? "எனக்கு அப்போதே தெரியும்" என்கிறீர்களா? எப்போதே? காரணம் சொல்லத் தெரியாமல் பவுனம்மாள் விழித்தாளே, அப்போது அவள் பக்கம் இருந்தீர்களா, அவர் பக்கமா? போகட்டும். இதைப் படித்து முடித்ததும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, உப்புத் தண்ணீர் ஏன் கீழே நிற்கிறது, நல்ல தண்ணீர் ஏன் மேலே மிதக்கிறது என்று தம்ளர் வைத்து விளக்கலாம் என்று உங்களுக்கு ஓர் அரிப்பு எடுத்திருக்குமே? விளக்குங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்கு முன்னால் எழுந்து போய், வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, இருந்தால் அதை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.