தராசில் ஏறிய கேன்

கொழுந்து எடுக்க வரும் பொம்பளை முதலில் பழகுவது கொழுந்து எடுக்க அல்ல. அடக்கிக்கொள்ள. மலையில் கக்கூஸ் கிடையாது. தேயிலைச் செடி இடுப்பு உயரந்தான். அதனால் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு கோப்பை தேத்தண்ணி, அதோடு சரி. மத்தியானம் கொழுந்து நிறுக்கும் வரை வாயில் தண்ணீர் படாது. குடித்தால் போக வேண்டும். போனால் கங்காணி பார்ப்பார். (பார்க்காத மாதிரி பார்ப்பார். அது இன்னும் மோசம்.)

இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச எங்கள் தோட்டத்தில் ஆள் இல்லை. எனக்கு அதில் பெருமையும் இருந்தது. வேறு பெருமை கைவசம் இல்லாததால் இதை வைத்துக்கொண்டேன்.

பிறகு முதுகு வலித்தது. கூடை சுமக்கிறவளுக்கு முதுகு வலிப்பது வியாதி இல்லை. கடைக்கார முஸ்லிம் நானாவிடம் நோவு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். (கேட்காமலே எடுத்து வைப்பார். அவ்வளவு பழக்கம்.) பிறகு முகம் வீங்கியது. சதை பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கால் வீங்கி செருப்புக்குள் போகாமல் நின்றபோதுதான் சந்தோஷம் குறைந்தது.

மகள் சுமதி டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டொக்டர் சின்னப் பிள்ளை. தமிழ்ப் பிள்ளைதான்.

“அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

“தேவைக்கு.”

“அதுதான் எவ்வளவு?”

“மலையில ஒண்ணும் இல்லங்க. வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை.”

டொக்டர்ப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸும் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ பரிசு வாங்கிய மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

“முதுகுப் பக்கம், விலாவுக்குக் கீழ, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கிட்னி இருக்கு. பொத்தின கை அளவு. உடம்புல உள்ள ரத்தமெல்லாம் நாள் பூரா அதுக்குள்ள போய்ப் போய் வரும். வேண்டியத வச்சுக்கிட்டு, வேண்டாதத தண்ணியோட வெளிய தள்ளும்.”

“பெக்டரி சல்லடை மாதிரிங்களா?”

“அதே மாதிரிதான். ஆனா சல்லடைக்கு ஞாயித்துக்கெழம லீவு. இதுக்கு இல்ல.”

தண்ணி போதாவிட்டால் கழிவு தேங்கிக் கல்லாகும், அடக்கி வைத்தால் கிருமி மேலே ஏறும், பிரஷர் கூடினால் சல்லடை பழுதாகும், உப்பு அதிகம் சேர்த்தால் பிரஷர் கூடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. நான் செய்யாத பிழை ஒன்றும் அதில் இல்லை. “நோவு மாத்திரைய டொக்டர் சொல்லாம போடவே கூடாது. அதுவும் கிட்னியத்தான் தின்னும்” என்றபோது நானாவை நினைத்துக்கொண்டேன். பாவம், நல்ல மனுசன்.

எனக்குப் பிரஷர் இருந்தது. சல்லடையில் ஓட்டை விழுந்து உடம்புச் சத்து ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மிஸ் ஒரு வெள்ளைக் கேனைக் கொடுத்தார்.

“செவ்வாக்கெழம காலையில மொதல்ல போறத விட்டுருங்க. அதுக்குப் பொறகு புதன்கெழம விடியக்காலம் போறது வரைக்கும் எல்லாம் இதுக்குள்ள. ஒரு சொட்டு வெளிய போனாலும் திரும்ப மொதல்ல இருந்து. அன்னைக்கு வேலைக்குப் போகாம வீட்டுல இருங்க.”

மருந்தோடு நிற்குமா, கண்டிக்கு அனுப்ப வேண்டுமா என்பது அந்தக் கேனில் இருந்தது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருந்த மாரியாயி ரத்தம் சுத்தம் பண்ணக் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது போவதில்லை. அவள் இருந்த காம்பிரா அறையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அதனால் சொன்னதையெல்லாம் கேட்டேன். “வீட்டுல இருங்க” என்பதை மட்டும் கேட்கவில்லை. ஒண்ணுக்குப் போவதற்கு ஒரு நாள் வேலையை விடுவதா? கங்காணியிடம் போய் என்ன காரணம் சொல்லி லீவு கேட்பது?

செவ்வாய்க்கிழமை கேனோடு மலை ஏறினேன். டொக்டர் சொன்னபடி தண்ணீரும் குடித்தேன். பல வருசம் குடிக்காததைச் சேர்த்துக் குடித்தேன் என்று நினைக்கிறேன். என் நிரையில் பக்கத்து ஆள் புஷ்பம். ஒவ்வொரு தடவையும் அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து மறைப்புப் பிடித்தாள்.

“திரும்பவுமா? என்னக்கா, பைப்பு ஒடஞ்சிருச்சா?”

“பேசாமப் புடி.”

“கோயில் தீர்த்தம் மாதிரியில்ல தூக்கிட்டுத் திரியிறீங்க.”

கேனைச் செடி நிழலில் வைத்து வைத்து வந்தேன். மத்தியானம் மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்கு, இறங்க வேண்டும். சரிவான பாதை. கையில் பிடித்து இறங்கி வழுக்கினால் எல்லாம் போச்சு. கூடைக்குள் கொழுந்துக்கு நடுவில் ஆடாமல் நிற்கும்படி கேனைப் புதைத்தேன். நிறுக்குமுன் எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. நல்ல யோசனைதான்.

அது பனி விழுந்து கொழுந்து கருகியிருந்த மாதம். எல்லார் கூடையும் அரைக் கூடை. நிறை பார்த்துப் பதியும் கணக்கப்பிள்ளை கடுப்பில் நின்றார். என்னைக் கண்டதும், “லெச்சுமி, நீ மொதல்ல வா. ஒன்னோடதாவது பார்க்கிற மாதிரி இருக்கு” என்றார். நான் வாயைத் திறக்குமுன் இரண்டு பேர் கூடையைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டார்கள்.

தராசு காட்டிய கிலோவைப் பார்த்து கணக்கப்பிள்ளை முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா? வயசு போன மனுசி! இந்தப் பனியிலயும் என்னா நிறை! கொமரிப் பிள்ளைங்க நீங்க என்னா எடுத்துக் கிழிச்சீங்க?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை வருச வேலையில் கணக்கப்பிள்ளை என்னைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான். புஷ்பம் படங்கால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயா, கூடைய எறக்கிருங்க” என்றேன்.

“இரு, கொழுந்தையும் பார்க்கட்டும். எப்படி எடுக்கிறதுன்னு இவளுக படிக்கட்டும்.”

கூடைக்குள் கையை விட்டார். கை நின்றது. கேன் வெளியே வந்தது.

கேனை ஆட்டிப் பார்த்தார். உள்ளே குலுங்கியது.

“தண்ணி வச்சு நிறை ஏத்துறியா? நீயா லெச்சுமி?”

“இல்லங்கையா.”

“அப்ப என்னா? கசிப்புச் சாராயமா?”

“ஐயோ இல்லங்கையா.”

“இல்லாட்டி கொட்டிப் பார்ப்போம்” என்று தண்ணீர் ஓடும் கானைப் பார்த்து நடந்தார்.

எனக்கு மாரியாயி ஞாபகம் வந்தது. ஓடிப் போய்க் கேனைப் பிடித்தேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கணக்கப்பிள்ளையின் கையில் இருப்பதைப் பிடுங்கிய முதல் ஆள் எங்கள் தோட்டத்தில் நான்தான். அவர் அந்த இழுபறியிலேயே மூடியைத் திருகி மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

“ஐயா, அது என் ஒண்ணுக்கு” என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாதையில் போன ஆட்டோ நின்றது.

கணக்கப்பிள்ளை மூடியைத் திரும்ப மூடினார். இறுக்கமாக, ஒழுங்காக மூடினார். அதற்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் சட்டம் பார்க்கிற மனுசன். நிறையில் ஏறியதைக் கழிக்க வேண்டும். கழிப்பதென்றால் அது எவ்வளவு என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் நிறுக்க வேண்டும். கேனைத் தனியாகத் தராசில் வைத்தார்.

மடுவத்தில் நிறையை எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டுச் சொல்வது வழக்கம். பழக்க தோசத்தில் கூப்பிட்டுவிட்டார்.

“லெச்சுமி, ஒண்ணரைக் கிலோ!”

நான் கேனைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன். சாயந்தரம் லயத்துக்குத் திரும்பியபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றார். அவர் ஒரு நாளைக்குப் பேசும் பேச்சை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

“எத்தன கிலோ?” என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினார்.

மறுநாள் மிஸ் கேனை வாங்கிக்கொண்டு, “எல்லாம் இருக்குதானே? வெளிய ஒண்ணும் போகலயே?” என்றார்.

“இல்லங்க மிஸ். பாதியில தராசுல நிறுத்தும் பார்த்தாச்சு.”

சல்லடையில் ஓட்டை இருந்தது. சின்ன ஓட்டை. நேரத்தோடு வந்தீர்கள், மருந்தோடு பார்த்துக்கொள்ளலாம் என்று டொக்டர் சொன்னது. பிரஷர் மாத்திரை, உப்புக் குறைவு, நானா கடை மாத்திரைக்கு முழுக்கு. இன்னும் கண்டிக்குப் போகவில்லை. போனால் கோயிலுக்குப் போவேன்.

அந்த வருசமே மடுவத்துக்குப் பக்கத்தில் தகரம் அடித்து ஒரு கக்கூஸ் கட்டினார்கள். தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேட்டு வாங்கியது கணக்கப்பிள்ளை. காரணம் சொல்லவில்லை, தராசைக் காப்பாற்றத்தான் என்பது புஷ்பத்தின் எண்ணம். பொம்பளைகள் இப்போது போத்தலில் தண்ணீர் கொண்டு வருகிறார்கள், குடிக்கிறார்கள், போகிறார்கள். அந்தத் தகரக் கொட்டிலுக்கு ‘லெச்சுமி மடுவம்’ என்று பேர். போர்டு இல்லை. தேவையும் இல்லை.

நான் உள்ளே போய் வெளியே வந்தால் மலையில் எங்கிருந்தாவது ஒரு குரல் கேட்கும்.

“எத்தன கிலோக்கா?”

கூட்டித்தான் சொல்வேன். கூடினால் நல்லது என்று டொக்டரே சொல்லியிருக்கிறது.