அகீலா வீட்டுப் பூனை

இனி எந்த மிருக வைத்தியரிடமும் ஏமாறுவதில்லை என்று பெரியதம்பி முடிவெடுத்திருந்தார். மாநகர சபையில் இருபது வருஷம் கிளார்க்காக இருப்பவரையே, போன வருஷம் நாயின் காதுச் சொறியைக் காட்டி ஒரு கிளினிக்காரன் மொட்டையடித்து அனுப்பிவிட்டான்!

அந்த நாய் டைகர், இப்போது இரண்டு நாளாய்ச் சோறு தொடவில்லை. பெரியதம்பி உட்காரும் கதிரைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் வால்கூட அசையவில்லை.

"சீக்கிரமா கொண்டு போவோங்க," என்றாள் மனைவி நிரஞ்சனி.

"எந்த டாக்டர் யோக்கியன்னு தெரியாம எப்படிப் போறது?"

நிரஞ்சனி யோசித்தாள். "அப்ப சோதிச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டு அகீலாவோட பூனை குத்துக்கல்லாட்டம் இருக்கு. அதைக் கேட்டு வாங்கித் தாரேன். அதுக்கு வியாதின்னு சொல்றவன் கள்ளன். ஒண்ணுமில்லன்னு சொல்றவருகிட்ட டைகரைக் காட்டுவோம்."

பெரியதம்பி அசந்துபோனார். இவளுக்குள் இப்படி ஒரு மூளையா!

கூடையில் பூனையோடு கிளம்பினார். கண்டி டவுனில் முதல் டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே, "ஈரல் வீக்கம்," என்றார். பெரியதம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுகஸ்தோட்டையில் இரண்டாமவர், "பூனைக்கு மனக்கவலை. பத்து ஊசி போடணும்," என்றார். பெரியதம்பி பூனையை வெடுக்கென்று கூடைக்குள் திணித்தார். பூனை அவர் கையைப் பிறாண்டியது.

மூன்றாவதாக அம்பிட்டியவில் ஒரு டாக்டரம்மா. பூனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணுமில்ல. உங்க கைக்குத்தான் மருந்து போடணும்."

பெரியதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டர், எங்க வீட்ல டைகர்னு ஒரு நாய்…"

"டைகரா?" டாக்டரம்மா திரையை விலக்கினார்.

உள்ளே மேசைமேல் டைகர், காலில் சேலைன் ஊசியோடு. பக்கத்தில் நிரஞ்சனி.

"தொண்டையில எலும்பு சிக்கியிருந்துச்சுங்க. எடுத்தாச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உசுரே போயிருக்குமாம்," என்றாள்.

"அப்ப என்னை எதுக்குடி ஊர் சுத்த விட்ட?"

"நீங்க வீட்ல இருந்தா நாயைத் தூக்க விட்டிருப்பீங்களா?"

நியாயம்தான். ஆனாலும் பெரியதம்பி கடைசியாக ஒரு பிடி பிடித்தார். "சரி, சோதிக்காமலே இவங்க யோக்கியமானவங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அகீலாவும் போன மாசமே இதே பூனையைத் தூக்கிட்டு எல்லா டாக்டர்கிட்டயும் போய் வந்துட்டோங்க."